மெழுகு இலைகளும் மிக்கேனோ மலையும்

வெப்பமண்டலக் காடு என்றதும் நம் மனக்கண்ணில் ஒரு காட்சி விரிகிறது: வளைந்த தென்னை, அகன்ற வாழையிலை, பின்னிக் கிடக்கும் கொடிகள், கண்ணைப் பறிக்கும் பச்சை. சிற்றுருக் காட்சிகளை அமைப்போர் பலரும் கடையில் கிடைக்கும் பிளாஸ்டிக் மரங்களை நட்டு இந்தக் காட்டைத்தான் மீண்டும் மீண்டும் எழுப்புகின்றனர். அது எந்த ஊர்க் காடு, எவ்வளவு உயரத்தில் உள்ளது, எந்த மாதத்துக் காடு என்று கேட்டால் விடை இராது. இக்கேள்விகளுக்கு விடை சொல்லாமல் ஓர் இலையைக்கூட ஒட்டக்கூடாது என்று நின்ற ஒரு மனிதரின் வரலாறு இது.

முதலில் சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. 'டயோரமா' என்பது 1822-இல் பாரிஸ் நகரில் டகேரும் பூத்தோனும் நடத்திய ஒரு காட்சியின் பெயர். பெரிய திரையோவியத்தின் மீது ஒளியை மாற்றி மாற்றிப் பாய்ச்சி, பகல் இரவாவதுபோல் மயக்கம் தருவார்கள். பின்னாளில் நிழற்படக் கலையின் முன்னோடியாகப் புகழ்பெற்றவர் அதே டகேர்தான். அருங்காட்சியகங்களில் கண்ணாடிக்குப் பின்னே விலங்கையும் அதன் சூழலையும் ஒருசேர அமைக்கும் முறைக்கு அப்பெயர் பிற்காலத்தில் வந்து ஒட்டிக்கொண்டது.

அம்முறையை வளர்த்தெடுத்தவர்களுள் தலையானவர் கார்ல் ஏக்லி. 1864-இல் நியூயார்க் மாநிலத்தில் ஓர் உழவர் குடும்பத்தில் பிறந்தவர். விலங்குத் தோலைப் பாடம் செய்வது அவர் தொழில். அந்நாளில் தோலுக்குள் வைக்கோலைத் திணித்துத் தைத்துப் பலகைமேல் நிறுத்துவார்கள். ஏக்லிக்கு அது போதவில்லை. 1890-இல் மில்வாக்கி அருங்காட்சியகத்தில் கஸ்தூரி எலிகளை அவற்றின் சதுப்பு நிலத்தோடும் நாணற்புல்லோடும் சேர்த்துக் காட்டினார். பின்னர்ச் சிகாகோவில், மான்களை நான்கு பருவங்களிலும் காட்டும் நான்கு காட்சிகளை அமைத்தார். அவற்றுக்கு வேண்டிய ஆயிரக்கணக்கான மெழுகு இலைகளைச் செய்வதில் அவர் மனைவி டீலியாவின் உழைப்பு பெரிது. மானின் தோற்றத்தோடு இலைகளும் பருவத்தைச் சொல்ல வேண்டும்.

இலை செய்வது எளிய வேலையன்று. பறித்த இலை சில மணி நேரத்தில் வாடிவிடும். ஆகவே காட்டிலேயே, இலை பசுமையாக இருக்கும்போதே, அதன்மேல் சுண்ணச்சாந்தை ஊற்றி அச்செடுக்க வேண்டும். உலர்ந்த இலை நிறத்தை இழந்துவிடுமாதலால், உயிருள்ள இலையின் நிறத்தை அங்கேயே தூரிகையால் குறித்துக்கொள்ள வேண்டும். பணிமனைக்குத் திரும்பிய பின் அச்சில் உருக்கிய மெழுகையும் மெல்லிய பஞ்சையும் இட்டு, நடுநரம்புக்குக் கம்பி வைத்து, ஒவ்வொன்றாக வண்ணம் தீட்டவேண்டும். பூச்சி அரித்த துளையும் பழுத்த ஓரமும்கூட விடுபடலாகாது. பின்சுவரை மூலையின்றி வளைத்து ஓவியம் தீட்டுவார்கள். மெய்யான தரை முடிந்து ஓவியத் தரை தொடங்கும் இடத்தைக் கண் அறியாதபடி மறைப்பவையும் செடிகளே.

1921-இல் ஏக்லி பெல்ஜியக் காங்கோவிலுள்ள மிக்கேனோ மலைக்குச் சென்றார். நிலநடுக்கோட்டிற்குச் சற்றே தெற்கில், 4,400 மீட்டருக்கு மேல் உயர்ந்து நிற்கும் அணைந்த எரிமலை அது. வெப்பமண்டலத்தின் நடுவே இருந்தும் அங்கே தென்னையும் இல்லை, வெப்பமும் இல்லை. மூடுபனி, குளிர், ஓயாத ஈரம். பருத்துக் கோணிய அடிமரங்களோடு ஹகேனியா மரங்கள் நிற்கும். கிளைகளில் பாசி திரைபோல் தொங்கும். அப்பாசியின் மேல் பெரணிகள் முளைத்திருக்கும். தரையில் காட்டுச் செலரியும், காஞ்சொறியும், மேலே படரும் காலியம் கொடியும் உண்டு. இவையே மலைக் கொரில்லாவின் உணவு. இன்னும் மேலே ஏறினால் ஆளுயரத்தை மிஞ்சிய லொபிலியாக்கள். இச்செடிகளை மாற்றி வைத்தால் அந்த விலங்கு அங்கே வாழக் காரணமே இல்லாமற்போகும். தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை எனக் கருப்பொருள்களை ஒரே வரிசையில் வைத்த தொல்காப்பியத்தைப் பயின்ற நமக்கு இது புரியாத செய்தியன்று.

இந்தக் காட்சிக்கு ஒரு விலை இருந்தது. ஏக்லியின் குழு அங்கே ஐந்து கொரில்லாக்களைக் கொன்றது. கொலைகாரன் என்ற உணர்விலிருந்து தப்ப அறிவியல் ஆர்வம் முழுவதையும் துணைக்கழைக்க வேண்டியிருந்ததாக அவரே பின்னர் எழுதினார். அத்தோடு நில்லாமல், அந்த மலைகளைக் காப்பகமாக்க வேண்டும் என்று வாதாடினார். பெல்ஜிய மன்னர் ஆல்பர்ட் இசைந்தார். 1925-இல் ஆப்பிரிக்காவின் முதல் தேசியப் பூங்கா அங்கே உருவாயிற்று.

1926-இல் ஏக்லி மீண்டும் சென்றது பெரும்பாலும் செடிகளுக்காகவும் பின்னணிக்காகவும். லீ என்ற ஓவியர் உடன் வந்தார். ஆனால் நவம்பர் 17 அன்று மிக்கேனோ மலைச்சரிவில் ஏக்லி நோயுற்று இறந்தார். அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார். அவருடைய இரண்டாம் மனைவி மேரி ஊர் திரும்பவில்லை. அங்கேயே தங்கிச் செடிகளைச் சேகரிக்கும் பணியை முடித்தார். 28 காட்சிகள் கொண்ட ஏக்லி கூடம் நியூயார்க் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் 1936-இல் திறக்கப்பட்டது. அங்குள்ள கொரில்லாக் காட்சி, அவர் புதைக்கப்பட்ட இடத்திற்கு அண்மையிலுள்ள சரிவையே காட்டுகிறது.

பின்னர் நடந்ததையும் சொல்ல வேண்டும். அதே எரிமலைத் தொடரின் ருவாண்டாப் பகுதியில், 1960-களின் இறுதியில் ஏறத்தாழ 100 சதுர கிலோமீட்டர் காடு பூங்காவிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது. பூச்சிக்கொல்லிக்குப் பயன்படும் பைரித்ரம் என்ற பூச்செடியைப் பயிரிடுவதற்காகக் காட்டை அழித்தார்கள். 1980-களின் தொடக்கத்தில் அத்தொடரில் எஞ்சிய கொரில்லாக்கள் சுமார் 250. பலருடைய உழைப்பாலும் சிலருடைய உயிரிழப்பாலும் அந்நிலை மாறியது. 2018-இல், அருகிலுள்ள புவிண்டிக் காட்டையும் சேர்த்து மலைக் கொரில்லாக்களின் எண்ணிக்கை ஆயிரத்தைத் தாண்டியதாக அறிவித்தார்கள்.

வெட்டிய காட்டில் எந்த மரத்தின் கீழ் எந்தச் செடி நின்றது என்று இன்று கேட்பவர்க்கு, அந்த மெழுகு இலைகளும் ஒரு சாட்சி. கொன்ற விலங்கிற்கு ஈடாக ஏக்லி தரமுடிந்தது பொய்யில்லாத ஒரு காடு மட்டுமே. தீப்பெட்டியளவு காட்சியை அமைப்பவர்க்கும் அந்தக் கடன் உண்டு. 'காடு' என்று பொதுவாக ஒன்று உலகில் எங்கும் இல்லை. இருப்பவை இந்த மலை, இந்த மரம், இந்த மாதம். இவற்றைத் தெரிந்துகொண்ட பிறகு தூரிகையை எடுப்பதே முறை.