கைப்பிடி சுற்றிப் படம் பிடித்த காலம்: நடராஜ முதலியாரின் தொடக்கம்

தென்னிந்தியாவின் முதல் மௌனக் கதைப்படம் எது என்று கேட்டால், நம் மாணவர்கள் சட்டென்று சொல்லிவிடுவார்கள்: ‘கீசக வதம்’, எடுத்தவர் ஆர். நடராஜ முதலியார். (ஆண்டை மட்டும் சிலர் 1917 என்றும் சிலர் 1918 என்றும் எழுதுகிறார்கள். ஆய்வாளர்களே ஒத்துப்போகவில்லை, கட்டுரையில் இரண்டையும் குறிப்பிட்டுவிடுங்கள்.) சரி, மதிப்பெண் வந்துவிடும். ஆனால் மோட்டார் வண்டி வியாபாரம் செய்துகொண்டிருந்த ஒரு மனிதர், திரைப்படக் கல்லூரி என்ற பேச்சே இல்லாத சென்னையில், எப்படிங்க ஒரு முழுப் படத்தை எடுத்தார்? பாடநூல்கள் இதற்குள் அதிகம் போவதில்லை. கொஞ்சம் போய்ப் பார்ப்போம்.

தாதாசாகேப் பால்கேயின் படங்களைப் பார்த்துத்தான் முதலியாருக்கு ஆசை வந்தது. அப்போது புனேயில் ஸ்டூவர்ட் ஸ்மித் என்ற ஆங்கிலேய ஒளிப்பதிவாளர் இருந்தார். முதலியார் அவரைத் தேடிப் போய்ப் பழகினார். ஸ்மித் தம் கேமராவில் சில அடி பிலிமை அவரையே சுற்றிப் பார்க்க விட்டார். பயிற்சி என்றால் ஏறக்குறைய அவ்வளவுதான்! பிறகு தஞ்சைப் பகுதிச் செல்வந்தர் மூப்பனாரிடமிருந்து ஒரு வில்லியம்சன் கேமராவையும் பிரதி எடுக்கும் கருவியையும் 1,800 ரூபாய்க்கு வாங்கினார். 1912இல் லண்டன் போன பால்கே வாங்கி வந்ததும் வில்லியம்சன் கேமராதான்.

அந்தக் கேமராவில் மோட்டார் கிடையாது. பக்கத்தில் ஒரு கைப்பிடி இருக்கும். அதைக் கையால் சுற்றினால்தான் உள்ளே பிலிம் நகரும். பொதுவாக ஒரு சுற்றுக்கு 8 படங்கள் பதிவாகும். நொடிக்கு இரண்டு சுற்று சுற்றினால் 16 படங்கள். 35 மில்லிமீட்டர் பிலிமில் ஓர் அடிக்கு 16 படங்கள் அடங்கும். ஆக, நொடிக்கு ஓர் அடி. ‘கீசக வதம்’ 6,000 அடி என்று சொல்வார்கள். இப்போது நீங்களே கணக்குப் போட்டுவிடலாம், 100 நிமிடம்.

மாணவர்கள் தடுமாறும் இடம் ஒன்று இருக்கிறது. கை தளர்ந்து மெதுவாகச் சுற்றினால் திரையில் ஆட்கள் மெதுவாக நடப்பார்களா? இல்லை, வேகமாக ஓடுவார்கள். குறைவான படங்களை எடுத்து வழக்கமான வேகத்தில் ஓட்டுகிறோம் அல்லவா, அதனால்தான். அதோடு ஒவ்வொரு படத்திலும் வெளிச்சம் கூடுதலாக விழுந்து காட்சி வெளுத்தும் போகும். ஆகவே நடிகர் அழுதாலும் அடித்தாலும் கேமராக்காரர் கை மட்டும் ஒரே தாளத்தில் சுற்ற வேண்டும். நடிப்பில் மனம் லயித்துவிட்டால் போச்சு.

வெளிச்சத்துக்குச் சூரியனை விட்டால் வேறு வழியில்லை. மில்லர்ஸ் சாலையில் முதலியார் அமைத்த இந்தியா பிலிம் கம்பெனி ஸ்டூடியோவில் கூரைக்குப் பதில் மெல்லிய வெள்ளைத் துணியைக் கட்டியிருந்தார்கள். வெயில் அதில் வடிகட்டி இறங்கியது. அக்காலப் பிலிமுக்குச் சிவப்பு நிறம் தெரியாது. குங்குமம் கறுப்பாகத்தான் விழும்.

இவை எல்லாவற்றையும்விட எனக்கு வியப்பாக இருப்பது பெங்களூர் விஷயம். பிலிமின் மேல் பூசியிருப்பது ஜெலட்டின். வெதுவெதுப்பான தண்ணீரில் அது இளகிவிடும்; சென்னை வெயிலில் பிலிம் கழுவுவது ஆபத்து. அதனால் குளிர்ச்சியான பெங்களூரில் ஆய்வகம் வைத்தார். வார இறுதியில் அங்கே போய்க் கழுவிவிட்டு, திங்கள் காலை சென்னையில் மறுபடியும் படப்பிடிப்பு. அதாவது, செவ்வாய்க்கிழமை செய்த தவறு சனிக்கிழமைதான் கண்ணுக்குத் தெரியும். எடுத்த உடனே பார்த்து அழித்துவிடும் நம்ம பிள்ளைகளுக்கு இதை விளக்குவது சிரமம்தான். 35 நாளில் படத்தை முடித்தார் என்கிறார்கள்.

பால்கே இன்னும் அடியிலிருந்து தொடங்கியவர். அவருக்கு வந்த பிலிமில் ஓரத்துளைகூட இருக்காது. வீட்டில் இருட்டில் உட்கார்ந்து துளையிட வேண்டும். அந்த வேலையை அவர் மனைவி சரஸ்வதிபாய் கற்றுக்கொண்டு செய்தார். பால்கே முதலில் படமெடுத்தது நடிகரை அல்ல, ஒரு பட்டாணிச் செடியை! நாளுக்கு ஒரு படம் என்று எடுத்து, அது முளைத்து வளர்வதைத் திரையில் ஓட்டிக் காட்டித்தான் பணம் போடுபவர்களை நம்ப வைத்தார்.

‘கீசக வத’த்தின் ஒரு பிரதிகூட இன்று கிடையாது. 1923இல் மகனை இழந்த பிறகு முதலியார் படத்தொழிலையே விட்டுவிட்டார். படத்தைப் போட்டுக் காட்ட வழியில்லாத ஆசிரியர்கள், அதை எடுத்த விதத்தையாவது வகுப்பில் காட்டலாம். ஒரு மாணவரை எழுப்பி, கையில் கைப்பிடி இருப்பதாக நினைத்துச் சுற்றச் சொல்லுங்கள். அவர் எதிரே இரண்டு பேர் கீசகனும் திரௌபதியுமாக நடிக்கட்டும். மற்றவர்கள் கடிகாரத்தைப் பார்த்து எண்ணட்டும். ஒரு நிமிடத்துக்குச் சரியாக 120 சுற்று வர வேண்டும்.