ஓரத்திலிருந்து பின்வரிசைக்கு: எஸ். குணாளனின் இடமாற்றமும் தோட்டத்துத் திடல் குறித்த வாதமும்

நெகிரி செம்பிலான் மாநிலத்தின் பஹாவில் 1986ஆம் ஆண்டு பிறந்த எஸ். குணாளன், மாநில அணியில் வலது ஓரத்தில் தாக்குதல் ஆட்டக்காரராக அறிமுகமானார். பின்னர் சிலாங்கூர், ஜோகூர் டாருல் தாக்சிம், தேசிய அணி என்று சென்ற பயணத்தில் வலது பின்வரிசைக் காவலராக நிலைபெற்றார். மலேசியத் தமிழ் ஆட்டக்காரர்களுக்குத் தொழில்முறைக் காற்பந்தில் கிடைத்த இடத்தைப் பற்றிய விவாதத்தில் இந்த இடமாற்றம் தவறாக வாசிக்கப்பட்டுள்ளது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

நிலவும் வாசிப்பின் வேர் அமெரிக்காவில் இருக்கிறது. அங்கே ஆடப்படும் அமெரிக்கன் ஃபுட்பாலில் கறுப்பின ஆட்டக்காரர்கள் முடிவெடுக்கும் மைய இடங்களிலிருந்து விலக்கப்பட்டு, வேகம் மட்டுமே வேண்டும் என்று கருதப்பட்ட இடங்களில் குவிக்கப்பட்டனர் என்ற கருத்து 1970 முதல் ஆய்வுலகில் பேசப்படுகிறது. அப்படிக் குவிக்கப்பட்ட இடங்களில் முதன்மையானது தற்காப்பின் கடைசி வரிசை. அவ்வரிசையின் ஆழத்தில் நிற்பவரை அங்கே 'சேஃப்டி' என்பர். கல்லூரி அணியில் ஆடும் ஒரு சேஃப்டி தொழில்முறைத் தெரிவின் ஏழு சுற்றுகளில் எந்தச் சுற்றில் எடுக்கப்படுவார் என்பதில், இண்டியானாபோலிசில் நடக்கும் சோதனையின் 40 கஜ ஓட்ட நேரத்துக்கு இன்றும் கணிசமான பங்கு உண்டு. ஆனால் அந்த இடத்துக்கு வேண்டிய, எதிரணியின் நகர்வை முன்கூட்டியே உணரும் திறனைக் கடிகாரத்தில் அளக்க முடியாது.

இந்தக் குவிப்புக் கருத்தை மலேசியக் காற்பந்துக்குப் பொருத்தியவர்கள் குணாளனைச் சான்றாக நிறுத்துகின்றனர். தமிழ் இளைஞர் என்றால் வேகம், வேகம் என்றால் ஓரம். முன்னால் ஓடியவரைப் பின்னால் நிறுத்தினாலும் ஓரம் ஓரம்தான் என்பது அவர்கள் வாதம். இதனுடன் இன்னொரு கூற்றும் இணைக்கப்படுகிறது: தமிழர்கள் வேலை செய்த ரப்பர் தோட்டங்கள் கலைந்ததால் ஆட்டக்காரர்களின் ஊற்று வற்றியது, எஞ்சியவர்கள் ஓரத்துக்குத் தள்ளப்பட்டனர்.

இரண்டாவது கூற்றில் ஓரளவு உண்மை உண்டு. ரப்பர் தோட்டத்தின் வேலைநாளே திடலுக்கு இடம் விட்டது. விடியுமுன் பெரட்டு எனும் ஆள்கணக்கெடுப்பு, பிறகு பால்வெட்டு. வாளியில் சேர்த்த பாலை ஸ்டோரில் நிறுத்துக் கொடுத்துவிட்டால் பிற்பகல் தொழிலாளியின் கையில். மாலையில் தொழிலாளர் குடியிருப்பான லயத்துப் பிள்ளைகளும் பெரியவர்களும் ஒரே திடலில் இறங்கினர். ஆள் தேறாத நாளில் அணிக்கு ஏழு பேர், எட்டுப் பேர் என்று ஆடும் ஆட்டத்தில் 'பேக்' நிற்பவருக்குத் துணை கிடையாது. பந்து வருமுன் அது வரும் வழியைக் கணிக்காவிட்டால் கோல்தான். லிங்சம், சுவா பெத்தோங், ஜெராம் பாடாங் போன்ற தோட்டப் பெயர்கள் இன்று தமிழ்ப்பள்ளிகளின் பெயர்ப் பலகைகளில் நிலைத்திருக்கின்றன. ரப்பர் அழிக்கப்பட்டுச் செம்பனை நடப்பட்டபோது ஆள்பலம் குறைந்தது. குலை அறுக்கும் வேலையின் நேரக்கணக்கும் வேறு.

ஆனால் காலவரிசை இந்தக் கூற்றுக்கு ஒத்துழைக்கவில்லை. ரப்பரின் பிடி தளர்ந்துகொண்டிருந்த ஆண்டுகளில் பிறந்த தலைமுறைதான் குணாளனுடையது. ஊற்று வற்றியது என்றால் அவர் வந்திருக்கவே கூடாது. மேலும், பஹாவைச் சுற்றித் தோட்டங்கள் இருப்பதாலேயே அங்கே பிறந்தவரைத் தோட்டத்து விளைச்சல் என்று எண்ணிக்கையில் சேர்ப்பது முறையன்று. பிறப்புப் பதிவு ஊரைச் சொல்லும், லயத்தைச் சொல்லாது.

ஆகவே முதல் கூற்றே ஊன்றிப் பார்க்கத் தக்கது. அதன் சான்று, அணிப்பட்டியல். 2010 டிசம்பர் 26 அன்று புக்கிட் ஜாலிலில் இந்தோனேசியாவை மலேசியா 3–0 என வென்ற தென்கிழக்காசியக் கிண்ண இறுதியாட்டத்தின் முதல் சுற்றே இங்கு அதிகம் எடுத்தாளப்படுவது. சாஃபி சாலி இரண்டு, அஷாரி சம்சுடின் ஒன்று என்று கோல்கள் விழுந்த அந்த ஆட்டத்தில் குணாளன் வலது ஓர நடுவரிசையில். அவருக்குப் பின்னால் வலது காவலராக மஹாலி ஜசுலி. பிற்காலத்தில் மஹாலி நின்ற வகை இடத்துக்குக் குணாளன் வந்து சேர்ந்தார். பட்டியலை மட்டும் வைத்துப் பார்த்தால் ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்துக்கு நகர்ந்தது போலத்தான் தெரியும்.

பட்டியல் இடத்தைக் காட்டுகிறது, பொறுப்பைக் காட்டுவதில்லை. ஓரத் தாக்குதல்காரர் பந்தை இழந்தால் அவருக்குப் பின்னால் ஐந்தாறு பேர் இருக்கின்றனர். வலது காவலர் இழந்தால் எஞ்சுவது நடுக் காவலர்களும் கோல்காவலரும். அதைவிட முக்கியமானது ஆஃப்சைடு கோடு. நடுக் காவலர்கள் இருவரும் முன்னேறும் அதே நொடியில் ஓரக் காவலரும் ஏற வேண்டும். ஓர் அடி பிந்தினால், எதிரணியின் முன்னணி முழுவதையும் அவர் ஒருவரே ஆட்டத்துக்குள் வைத்திருப்பார். அந்த அடியைத் தீர்மானிப்பது காலின் வேகமன்று. பந்தை வைத்திருப்பவரின் உடல் எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதைப் பார்த்து எடுக்கும் முடிவு. மைதானத்தின் அகலத்தில் மட்டும் மையத்தையும் ஓரத்தையும் தேடும் வாசிப்பு, ஆழம் என்ற இன்னோர் அளவை மறந்துவிடுகிறது. அமெரிக்காவில் சேஃப்டியை வெறும் ஓட்டக்காரராக எண்ணியவர்கள் செய்த பிழையும் ஏறத்தாழ இதுவே.

முந்தைய தலைமுறை இதற்குத் துணை நிற்கிறது. 1972 மியூனிக் ஒலிம்பிக் அணியில் தற்காப்பில் எம். சந்திரன் இருந்தார். அடுத்து வந்த ஆண்டுகளில் 'ஸ்பைடர்மேன்' எனப் பெயர்பெற்ற ஆர். ஆறுமுகம் கோல்கம்பங்களுக்கு நடுவில் நின்றார். சோ சின் ஆனுடன் நடுக்காவலைப் பகிர்ந்துகொண்டவர் சந்தோக் சிங். 1980 மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்று, புறக்கணிப்பால் செல்லாமல் போன அணியின் முதுகெலும்பு இது. சந்தோக் சிங் பஞ்சாபியர். 'இந்தியர்' என்ற ஒரே கட்டத்தில் எல்லோரையும் எண்ணும் பட்டியல்கள் இங்கே எச்சரிக்கையுடன் கையாளப்பட வேண்டும். ஆயினும், உடலமைப்பையோ இனத்தையோ பார்த்து ஓரத்துக்கு ஒதுக்குவது மலேசியக் காற்பந்தின் பழைய வழக்கம் என்று சொல்ல இப்பெயர்கள் இடம் தரவில்லை.

மாறியது தெரிவு முறை என்று கருதுவதே பொருத்தம். 1989இல் அரைத் தொழில்முறை லீக்கும் 1994இல் முழுத் தொழில்முறை லீக்கும் வந்தன. அதற்கு முன் ஓர் ஆட்டக்காரர் அலுவலக அணி, மாவட்ட அணி என்று ஆண்டுக்கணக்கில் பயிற்றுநரின் கண்ணில் பட்டார். பிறகு சுக்மா, பிரசிடென் கிண்ணம் போன்ற இளையோர் போட்டிகளும் அவற்றுக்கான தெரிவு நாட்களும் வாயிலாக அமைந்தன. ஒரே பிற்பகலில் கண்ணுக்குத் தெரிவது வேகம். நிலையறிவு தெரியப் பருவம் முழுதும் வேண்டும். வேகத்துக்குப் பெயர்பெற்ற இளைஞர் ஓரத்தில் நுழைந்ததும், பல பருவங்களுக்குப் பின் பின்வரிசைப் பொறுப்பு அவரிடம் வந்ததும் இந்த முறையின் இயல்பான விளைவு. அவரது பயணத்தில் இறக்கம் காண்பவர்கள் இந்த வரிசையைத் தலைகீழாகப் படிக்கின்றனர்.

அப்போதைய தேசியப் பயிற்றுநர் கே. ராஜகோபால் இந்தியர் என்பதால் குணாளனுக்கு வாய்ப்புக் கிடைத்தது என்ற மறுப்பு அதிகம் நிற்காது. 61 ஆண்டுக் காத்திருப்புக்குப் பின் 2009இல் மலேசியக் கிண்ணத்தை வென்ற நெகிரி செம்பிலானின் பயிற்றுநர், இந்தியரல்லாத வான் ஜாமாக். குணாளன் அந்த அணியின் ஆட்டக்காரர். ஜோகூரில் வெளிநாட்டுப் பயிற்றுநர்கள் ஒருவர்பின் ஒருவராக வந்துபோயினர். 2014 முதல் தொடர்ந்து லீக் பட்டங்களும் 2015இல் ஏஎஃப்சி கிண்ணமும் வந்த அந்தக் காலத்திலும் அவருக்கு அணியில் இடம் இருந்தது. கால்வேகத்தை மட்டும் நம்பும் ஓர ஆட்டக்காரருக்கு முப்பது வயதை ஒட்டியே மதிப்புச் சரியத் தொடங்கும். குணாளனோ முப்பதைத் தாண்டிப் பல பருவங்கள் ஜோகூரின் வலது பின்வரிசையில் ஆடினார்.