எ பிளேஸ் இன் த சன் (1951)

ஜார்ஜ் ஸ்டீவன்ஸ் தயாரித்து இயக்க, பாரமவுண்ட் நிறுவனம் 1951 ஆகஸ்டில் திரையரங்குகளுக்குக் கொண்டுவந்த அமெரிக்கக் கறுப்பு வெள்ளைத் திரைப்படம். தியோடர் டிரைசர் 1925இல் வெளியிட்ட ‘ஆன் அமெரிக்கன் டிராஜெடி’ என்ற பெருநாவலையும், அதை ஒட்டி பாட்ரிக் கியர்னி எழுதிய நாடகத்தையும் அடிப்படையாகக் கொண்டு மைக்கேல் வில்சனும் ஹாரி பிரவுனும் திரைக்கதை எழுதினார்கள். மான்ட்கோமரி கிளிஃப்ட், எலிசபெத் டெய்லர், ஷெல்லி வின்டர்ஸ் ஆகிய மூவரும் முதன்மைப் பாத்திரங்களில் நடித்தார்கள். வாழ்க்கையில் தனக்கென்று ஒரு நல்ல நிலை, வெளிச்சத்தில் ஓர் இடம் என்பதே தலைப்பின் பொருள். அந்த இடத்துக்கு ஏங்கும் ஏழை இளைஞன் ஒருவன், தன்னைப் போலவே ஏழையான காதலிக்கும் எட்டாத உயரத்தில் இருக்கும் காதலிக்கும் நடுவில் சிக்கி மின்சார நாற்காலியில் முடிவதே கதை. டிரைசரின் கூர்மையான சமூக விமர்சனத்தை ஹாலிவுட் ஒரு காதல் சோகமாக மழுக்கிவிட்டது என்பது இப்படத்தின் மேல் நெடுநாளாக வைக்கப்படும் குறை. அந்த விமர்சனம் வசனத்தில் குறைந்திருக்கிறது என்பது உண்மை. ஆனால் அது கேமராவுக்குள்ளும் படத்தொகுப்புக்குள்ளும் குடியேறியிருக்கிறது. வர்க்க ஆசை ஒரு மனிதனுக்குள் எப்படி வேலை செய்கிறது என்பதை, பார்ப்பவர் மனத்திலேயே அதை மூட்டிக் காட்டுகிறது இந்தப் படம்.

கதையின் வேர் ஓர் உண்மை வழக்கில் இருக்கிறது. நியூயார்க் மாநிலத்தின் கார்ட்லண்ட் நகரில் தந்தையின் சகோதரருக்குச் சொந்தமான பாவாடைத் தொழிற்சாலையில் வேலை பார்த்த செஸ்டர் ஜில்லெட், அங்கே வேலை செய்த கிரேஸ் பிரவுனோடு பழகினான். அவள் கருவுற்றாள். 1906 ஜூலை 11 அன்று இருவரும் அடிரொண்டாக் மலைப்பகுதியின் பிக் மூஸ் ஏரியில் படகில் போனார்கள்; அவன் மட்டுமே கரை சேர்ந்தான். அவள் அவனுக்கு எழுதிய கடிதங்கள் நீதிமன்றத்தில் வாசிக்கப்பட்டன. 1908 மார்ச்சில் ஆபர்ன் சிறையில் அவனுக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. டிரைசர் இந்தச் செய்தியை ஒரு தனிமனிதனின் குற்றமாகப் பார்க்கவில்லை. தெருவோரத்தில் மதப்பிரசாரம் செய்யும் ஏழைப் பெற்றோரின் மகன், கண்ணெதிரே பணம் மின்னும் ஒரு நாட்டில், எந்தக் கதவும் தனக்குத் திறக்காத நிலையில் எப்படி உருவாகிறான் என்று நூற்றுக்கணக்கான பக்கங்களில் விரித்து எழுதினார்.

பாரமவுண்ட் இந்த நாவலைப் படமாக்க 1930இலேயே முயன்றது. ஹாலிவுட்டுக்கு வந்திருந்த சோவியத் இயக்குநர் செர்கெய் ஐசன்ஸ்டைன் ஒரு திரைக்கதை எழுதிக் கொடுத்தார். அவருடைய பார்வையில் சமூகமே குற்றவாளி. நிறுவனம் அதை ஏற்கவில்லை. அடுத்து ஜோசஃப் வான் ஸ்டெர்ன்பெர்க் இயக்கிய படம் 1931இல் வெளிவந்தது. தன் நாவலின் சமூகப் பின்னணியைக் கழற்றிவிட்டு வெறும் கொலைக்கதையாக்கிவிட்டார்கள் என்று டிரைசர் நீதிமன்றம் போனார். தீர்ப்பு அவருக்குச் சாதகமாக இல்லை. இருபது ஆண்டுகள் கழித்து அதே நிறுவனம் அதே கதையை மறுபடி எடுத்தபோது, காலத்தைச் சமகாலத்துக்கு மாற்றி, பாத்திரங்களின் பெயர்களை மாற்றி, தலைப்பையும் மாற்றியது. நாவலின் நாயகன் கிளைட் கிரிஃபித்ஸ் ஜார்ஜ் ஈஸ்ட்மன் ஆனான். நாவலில் கழுத்துப்பட்டை செய்த தொழிற்சாலை, படத்தில் பெண்களின் நீச்சலுடை செய்கிறது. இந்த மாற்றம் தற்செயலானதாகத் தெரியவில்லை: ஜார்ஜ் நாள் முழுவதும் பெட்டிகளில் அடைப்பது, தான் அழைக்கப்படாத ஓய்வு வாழ்க்கைக்கான உடைகளை.

படம் தொடங்கும் விதத்திலேயே அதன் முறை தெரிந்துவிடுகிறது. நெடுஞ்சாலை ஓரத்தில் தோல் சட்டை போட்ட ஓர் இளைஞன், போகிற வண்டிகளில் இடம் கேட்டுப் பின்புறமாக நடந்து வருகிறான். திரும்பிப் பார்த்தால் அவன் பெரியப்பாவின் ஈஸ்ட்மன் நிறுவனம் வைத்த பெரிய விளம்பரப் பலகை. அதில் நீச்சலுடையில் சாய்ந்திருக்கும் ஒரு பெண். அவன் அதையே பார்த்துக்கொண்டு நிற்கும்போது வெள்ளை நிறத் திறந்த கார் ஒன்று ஹார்ன் அடித்துக்கொண்டு அவனைக் கடந்து பறக்கிறது. அவனை ஏற்றிக்கொள்வதோ ஒரு பழைய லொடலொடத்த டிரக். ஒரு வசனமும் இல்லாமல் படத்தின் மூன்று முனைகளும் அங்கே வந்துவிட்டன: பலகையில் இருக்கும் ஆசை, காரில் போகும் பணம், டிரக்கில் கிடைக்கும் இடம். பெரியப்பா வீட்டுக்கு முதல்முறை போகும்போது, புதிதாக வாங்கிய மட்டமான கோட்டோடு பெரிய கூடத்தில் அவன் நிற்கிறான். உள்ளே நுழையும் பணக்கார வீட்டுப் பெண் அஞ்செலா விக்கர்ஸ் அவனைக் கவனிக்கவே இல்லை. அவள் குடும்பப் பெயர் மின்விளக்கு எழுத்துகளாக அவன் வாடகை அறையின் சன்னலுக்கு வெளியே இரவெல்லாம் அணைந்து அணைந்து எரிகிறது. டிரைசர் ஓர் அத்தியாயம் முழுக்கச் சொல்வதை ஸ்டீவன்ஸ் ஒரு சட்டகத்தில் வைத்துவிடுகிறார்.

ஜார்ஜின் ஏழைக் காதலியான ஆலிஸ் டிரிப் என்ற தொழிலாளிப் பெண்ணும் அஞ்செலாவும் படம்பிடிக்கப்பட்ட விதத்தில் இருக்கும் வேறுபாடுதான் என் வாதத்தின் முதன்மைச் சான்று. ஆலிஸின் காட்சிகளில் கேமரா தூரத்தில் நிற்கிறது, வெளிச்சம் குறைவு, அறை சிறியது. அவளும் ஜார்ஜும் முதன்முதலாக இணையும் மழை இரவில் முகங்கள் இருட்டில் மறைய, சன்னலோரத்தில் இருக்கும் ரேடியோவையே கேமரா பார்த்துக்கொண்டிருக்கிறது. அப்படியே விடிந்து சேவல் கூவுகிறது. அஞ்செலாவின் முகத்துக்கோ கேமரா தன்னை முழுமையாகக் கொடுத்துவிடுகிறது. நடன விருந்தில் இருவரும் காதலைச் சொல்லிக்கொள்ளும் இடத்தில் திரை முழுவதும் முகங்களே. தோளும் தலைமுடியும் சட்டகத்தை மாறி மாறி மறைக்க, பார்ப்பவர் அவர்களின் மூச்சுக்குள்ளேயே நிற்பது போலிருக்கும். ஒளிப்பதிவாளர் வில்லியம் சி. மெல்லர் நீளமான லென்ஸ்களைக் கொண்டு எடுத்த இந்த க்ளோசப்புகள் அமெரிக்க சினிமாவில் எடுக்கப்பட்ட மிகச் சிறந்த நெருக்கக் காட்சிகளில் சேரும் என்பதில் எனக்குத் தயக்கமில்லை. அந்தக் காட்சிக்குச் சற்று முன் அஞ்செலா திடுக்கிட்டு, நம்மை யாரோ பார்க்கிறார்களா என்று கேட்டு, கேமராவை நோக்கியே திரும்புகிறாள். பார்ப்பது நாம்தான். படம் முழுக்க ஜார்ஜின் ஏக்கத்தோடு பார்த்து வந்த நம்மை அந்த ஒரு கணம் பிடித்துவிடுகிறது.

இதன் விளைவு கடுமையானது. ஜார்ஜின் பிறந்தநாளுக்காக ஆலிஸ் தன் அறையில் கேக்கும் ஐஸ்கிரீமும் வைத்துக் காத்திருக்க, அவனோ பெரியப்பா வீட்டு விருந்தில் பில்லியர்ட்ஸ் மேசையருகே அஞ்செலாவைச் சந்தித்துக்கொண்டிருக்கிறான். அவன் தாமதமாக வந்து ஆலிஸ் முகம் வாடும்போது நமக்கு வரவேண்டியது இரக்கம். ஆனால் அடுத்த முறை அஞ்செலா எப்போது வருவாள் என்றுதான் மனம் காத்திருக்கிறது. ஆலிஸ் கருவுற்றதும் மருத்துவரிடம் போகிறாள். அக்காலத் தணிக்கை விதிகள் கருக்கலைப்பு என்ற சொல்லையே அனுமதிக்காததால், அவள் தயங்கித் தயங்கி உதவி கேட்பதும், அவர் புரிந்துகொண்டு மறுப்பதும் மௌனங்களிலேயே நடக்கின்றன. வசதியுள்ள ஒருத்திக்குக் கிடைத்திருக்கக்கூடிய வழி இவளுக்கு அடைபடும் விதத்தை அந்த மௌனம் நன்றாகவே உணர்த்துகிறது. வேறு வழியின்றி ஜார்ஜ் அவளைத் திருமணப் பதிவுக்கு அழைத்துப் போகிறான். அன்று தொழிலாளர் தினம். அரசு அலுவலகம் மூடிக்கிடக்கிறது. உழைப்பவர்களைக் கொண்டாட விடுமுறை விட்ட ஒரு நாளில் ஓர் உழைக்கும் பெண்ணின் கடைசி நம்பிக்கை கதவடைபட்டுப் போகிறது. அங்கிருந்து ஏரிக்குப் போகிறார்கள். படகில் அவள் எதிர்காலத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே இருக்கிறாள். அவன் வியர்க்கிறான், மனம் மாறுகிறான். அவள் எழுந்து நிற்க, படகு கவிழ்கிறது. கேமரா உடனே தூரத்துக்கு விலகிவிடுவதால் தண்ணீரில் என்ன நடந்தது என்பதை நாம் பார்ப்பதில்லை. அவள் தொலைய வேண்டும் என்று அவனோடு சேர்ந்து அரைமனதாகவாவது விரும்பியிருந்த பார்வையாளருக்கு அந்த இருட்டில் சாட்சி சொல்ல எதுவும் இல்லை.

இந்த வாதத்துக்கு வலுவான மறுப்புகள் உண்டு. முதலாவது, அஞ்செலா அளவுக்கு மீறி நல்லவள் என்பது. நாவலில் அஞ்செலாவின் இடத்தில் வரும் சோண்ட்ரா மேல்தட்டு விளையாட்டுத்தனமும் பகட்டும் உள்ளவள்; கிளைட் அவளுக்கு ஒருவகைப் பொழுதுபோக்காகவே தொடங்குகிறான். எலிசபெத் டெய்லர் காட்டும் அஞ்செலாவோ உண்மையாகக் காதலிக்கிறாள், பெற்றோரை எதிர்க்கவும் துணிகிறாள். காதல் இத்தனை தூய்மையானது என்றால் வர்க்கம் எங்கே வந்தது, இது விதியின் விளையாட்டு மட்டுமல்லவா என்று கேட்கலாம். ஆனால் அவள் நல்லவளாக இருப்பதால்தான் வாதம் கெட்டிப்படுகிறது. அவள் கெட்டவளாக இருந்திருந்தால் ஜார்ஜ் ஒரு தவறான பெண்ணிடம் மயங்கினான் என்று கதை முடிந்திருக்கும். அவளுடைய மென்மை, தன்னம்பிக்கை, பயமின்மை எல்லாமே செல்வம் கொடுத்த பாதுகாப்பில் வளர்ந்தவை. ஆலிஸ் நச்சரிப்பவளாகத் தெரிவதற்குக் காரணம் அவள் குணம் மட்டுமல்ல. மாதாமாதம் நாள் எண்ணிப் பயப்பட வேண்டிய நிலையில் இருப்பவள் அவள். கொலைக் குற்றத்துக்காக ஜார்ஜ் விசாரிக்கப்படும் நீதிமன்றத்தில் ஆலிஸின் உடலும் கருவும் எல்லோர் முன்னும் ஆராயப்படுகின்றன. அஞ்செலா சாட்சிக் கூண்டில் ஏறவே இல்லை. நாவலிலும் சோண்ட்ராவின் பெயர் ‘மிஸ் எக்ஸ்’ என்று மறைக்கப்பட்டே விசாரணை நடக்கிறது. அந்தப் பாதுகாப்பைப் படம் இழக்கவில்லை.

இரண்டாவது மறுப்பு, ஜார்ஜின் இளமைப்பருவம் படத்தில் இல்லை என்பது. நாவலின் முதற்பகுதி முழுவதையும் வெட்டிவிட்டு, தாயை மட்டும் சில காட்சிகளில் காட்டுகிறது படம். இது உண்மையான இழப்புதான். ஆனாலும் இருக்கிற சில காட்சிகள் வீணாகவில்லை. மாளிகையின் பில்லியர்ட்ஸ் அறையிலிருந்து அவன் தாய்க்குத் தொலைபேசியில் பேச, மறுமுனையில் அவள் மதப்பிரசார விடுதியின் வெறிச்சோடிய சுவருக்கு முன் நிற்கிறாள். இந்த இரண்டு இடங்களின் தூரத்தை ஸ்டீவன்ஸ் காட்சிகளை ஒன்றில் ஒன்று மெல்லக் கரைக்கும் டிசால்வ் உத்தியால் படம் முழுதும் அளந்து காட்டுகிறார். சில டிசால்வ்கள் வழக்கத்தைவிட மிக நீளமானவை. மகிழ்ச்சியின் மேல் அச்சமும் அச்சத்தின் மேல் மகிழ்ச்சியும் வெகுநேரம் படிந்து நிற்கும். படகுத்துறையில் வைத்த சிறிய ரேடியோ ஆலிஸின் மரணச் செய்தியை வாசிக்க, பின்னணியில் விசைப்படகு சிரிப்போடு வட்டமடிக்கும் காட்சியில் வெட்டே இல்லாமல் இதைச் சாதித்திருக்கிறார். 1949 இறுதியில் படப்பிடிப்பு தொடங்கிய படம் 1951இல்தான் வெளிவந்தது. தொகுப்பு மேசையில் செலவான அந்தக் காலம் இத்தகைய இடங்களில் தெரிகிறது. 1960களில் இப்படத்தைத் தொலைக்காட்சியில் விளம்பர இடைவெளிகளோடு காட்ட முனைந்தபோது ஸ்டீவன்ஸ் வழக்குத் தொடுத்ததற்கும் இந்த ஓட்டத்தின் மேல் அவருக்கிருந்த அக்கறையே காரணம்.

மூன்றாவது மறுப்பை என்னால் முழுதாக விலக்க முடியவில்லை. ஆலிஸை இப்படிக் காட்டியது படம் காட்டவந்த அநீதியா, படமே செய்த அநீதியா என்ற கேள்வி அது. ஷெல்லி வின்டர்ஸ் அதுவரை கவர்ச்சிப் பாத்திரங்களுக்கு அறியப்பட்டவர். இதில் தன் அழகையெல்லாம் கழற்றிவைத்து நடித்து, சிறந்த நடிகைக்கான ஆஸ்கர் பரிந்துரை பெற்றார். அவர் நடிப்பில் மனிதத்தன்மை நிறைய இருக்கிறது. என்றாலும், ஈடித் ஹெட் வடிவமைத்த அஞ்செலாவின் வெள்ளை நடன உடை அமெரிக்காவெங்கும் இளம்பெண்களின் உடைகளாக நகலெடுக்கப்பட்டபோது, பார்வையாளர்கள் படத்திலிருந்து எதை எடுத்துக்கொண்டு போனார்கள் என்பது புரிகிறது. உண்மை வழக்கின் கிரேஸ் பிரவுனுக்குத் தன் கடிதங்களாவது குரலாக இருந்தன. ஆலிஸுக்கு அப்படி ஒன்று இல்லை. இறந்த பிறகு அவளைப் பற்றிப் பேசுபவர்கள் எல்லோரும் வேறு ஆட்கள்.

படம் ஒன்பது ஆஸ்கர் பரிந்துரைகளில் ஆறை வென்றது: இயக்கம், திரைக்கதை, ஒளிப்பதிவு, உடையலங்காரம், வில்லியம் ஹார்ன்பெக்கின் படத்தொகுப்பு, ஃபிரான்ஸ் வாக்ஸ்மனின் இசை. சிறந்த படத்துக்கான விருது ‘ஆன் அமெரிக்கன் இன் பாரிஸ்’ படத்துக்குப் போனது. அதே காலத்தில் அமெரிக்க நாடாளுமன்றத்தின் விசாரணைக் குழு ஹாலிவுட்டில் கம்யூனிஸ்டுகளைத் தேடிக்கொண்டிருந்தது. பதில் சொல்ல மறுத்த மைக்கேல் வில்சன், விருது வாங்கும் முன்பே தடைப்பட்டியலில் சேர்ந்திருந்தார். ஜார்ஜின் தாயாக நடித்த ஆன் ரெவியருக்கு அதன்பின் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் திரைப்பட வாய்ப்பே இல்லை. இந்தப் படத்தைச் சமூகக் கருத்தற்ற காதல் கதை என்று எழுதுபவர்கள், அதை எழுதியவர் யார் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

சிறையில் ஜார்ஜ் தன் குற்றத்தின் அளவு தனக்கே தெரியவில்லை என்று தவிக்கிறான். படகு கவிழ்ந்த அந்தக் கணத்தில் நீ யாரை நினைத்துக்கொண்டிருந்தாய், ஆலிஸையா, அந்த இன்னொரு பெண்ணையா என்று பாதிரியார் கேட்கிறார். அவன் மௌனமே பதிலாகிறது. அப்படியானால் உன் நெஞ்சில் கொலை இருந்தது என்கிறார் அவர். சட்டம் கேட்காத இந்தக் கேள்விக்குப் பிறகு அவன் கொலைக்களத்துக்கு நடக்கிறான். நடக்கிறவனின் முகத்தின் மேல் கடைசியாகப் படிந்து கரையும் பிம்பம் அஞ்செலாவின் முத்தம். ஆலிஸின் முகத்தை ஸ்டீவன்ஸ் அங்கே கொண்டுவரவில்லை.