பாடத்திட்டம் எழுதும் கை

தோழர்களே, பள்ளிக்குள் நுழைய நம் முன்னோர் பட்ட பாட்டை நாம் அறிவோம். நுழைந்தபின் அங்கே எதைக் கற்பிப்பது என்று முடிவு செய்பவர் யார் என்பதை நாம் போதிய அளவு கேட்கவில்லை.

பாடத்திட்டமும் கற்பித்தலும் என்பது ஒரு முதுகலைப் படிப்பு. அமெரிக்காவில் ரால்ஃப் டைலர் 1949இல் அதற்கு நான்கு கேள்விகளை வகுத்தார்: கல்வியின் நோக்கம் என்ன? எந்த அனுபவங்களைத் தருவது? எப்படி ஒழுங்குபடுத்துவது? எப்படி மதிப்பிடுவது? யாருடைய நோக்கம் என்பது அந்த நான்கில் இல்லை. அடிமைகளாயிருந்த பெற்றோருக்குப் பிறந்த கார்ட்டர் உட்சன் அதை 1933இலேயே கேட்டுவிட்டார். கறுப்பினப் பிள்ளை தன்னையே தாழ்வாக எண்ணும்படி பள்ளி பழக்குகிறது என்றார்.

இங்கே நடந்தது என்ன? திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மேலாடை உரிமைக்காகப் போராடிய வரலாறு ஒன்பதாம் வகுப்புப் பாடநூலில் இருந்தது. 2017 தேர்வில் அப்பகுதியிலிருந்து கேள்வி வராது என்று மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் 2016இல் அறிவித்தது. 2019இல் அந்த அத்தியாயமே நீக்கப்பட்டது. மாணவர் சுமையைக் குறைக்கவாம்!

கொலம்பியாவில் ஜான் டூயியிடம் பாடம் கேட்டு, 1915இல் முதுகலைப் பட்டம் பெற்ற அம்பேத்கர், பின்னாளில் அரசமைப்பு வரைவுக் குழுவுக்குத் தலைமை ஏற்றார். சட்டம் எழுதும் மேசையில் நமக்கு இடம் வந்தது. பாடநூல் எழுதும் மேசை மிச்சமிருக்கிறது. பி.எட். முடித்த நம் பிள்ளைகள் சிலராவது இந்த முதுகலையைப் படிக்கட்டும். நம் வரலாற்றைச் சுமை என்று ஒருவர் சொல்லும்போது, அதே மேசையிலிருந்து மறுத்துப் பேச நமக்கு ஆள் வேண்டும்.