கடைமடைக்கு வந்த கணிதம்

பாடத்திட்டம் மாறினால் பாடநூல் மாறுகின்றது, தேர்வுத்தாளும் மாறுகின்றது. ஆனால் ஆசிரியர் எவ்வாறு மாறுகின்றார்? மலேசியக் கணிதக் கல்வியின் வரலாற்றை இந்தக் கேள்வியோடு நாம் பார்ப்போம்.

1957ஆம் ஆண்டில் நாடு விடுதலை பெற்றபோது பள்ளிகள் பெருகின. பயிற்சி பெற்ற ஆசிரியர்களோ போதவில்லை. அவ்வாண்டிலேயே பகல் பயிற்சி நிலையங்கள் தொடங்கப்பெற்றன. 1967இல் தென்கிழக்காசிய நாடுகளுக்கான அறிவியல், கணிதக் கல்வி வட்டார மையம் பினாங்கில் அமைந்தது. எழுபதுகளில் 'நவீன கணிதம்' இடைநிலைப் பள்ளிகளுக்கு வந்தது. கணங்களைப் பற்றித் தாம் படிக்கும் காலத்தில் கேட்டறியாத ஆசிரியர்களும் அவற்றை வகுப்பில் விளக்க வேண்டியதாயிற்று. 1983இல் வாசிப்பு, எழுத்து, கணக்கு ஆகிய மூன்றையும் அடிப்படையாகக் கொண்ட புதிய ஆரம்பப் பள்ளிக் கலைத்திட்டம் நாடெங்கும் நடைமுறைக்கு வந்தது.

இம்மாற்றங்கள் மூவாரை எவ்வாறு எட்டின? ஜொகூரின் வடமேற்கே, ஆற்றின் கழிமுகத்தில் அமைந்த நகர் அது. நகருக்குள் ஜாலான் காலிடி தமிழ்ப்பள்ளி உண்டு. சுற்றுப்புறத்தில் தோட்டப்புறப் பள்ளிகளும் உண்டு. தலைநகரில் பயிற்சி பெற்றவர் மாநிலத்தாருக்கும், மாநிலத்தார் மாவட்டத்தாருக்கும், மாவட்டத்தார் பள்ளிகளுக்கும் சொல்லித் தருவது வழக்கமான முறை. குறைந்த நாளில் பலரைச் சென்றடைய இது உதவியது. எனினும், வாய்க்கால் நீர் கடைமடைக்கு வரும்போது வற்றிவிடுவதுபோல, எதைச் செய்ய வேண்டும் என்பது வந்து சேர்ந்தது. ஏன் செய்ய வேண்டும் என்பது வழியிலேயே குறைந்து போயிற்று.

2003இல் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்படத் தொடங்கியபோது, ஆசிரியர் பயிற்சியின் கவனம் பெரிதும் மொழியின்பால் சென்றது. 2011இல் தொடங்கிய புதிய கலைத்திட்டத்தோடு, தமிழ்ப்பள்ளிகளின் முதலாம் ஆண்டுக் கணிதம் மீண்டும் தமிழுக்குத் திரும்பியது. மொழி எதுவாயினும் ஒரு சிக்கல் மாறவில்லை. அரையோடு மூன்றில் ஒன்றைக் கூட்டச் சொன்னால், மேலெண்களையும் கீழெண்களையும் தனித்தனியே கூட்டி 'ஐந்தில் இரண்டு' என்று விடை எழுதும் பிள்ளை எல்லா ஊரிலும் உண்டு. 'தவறு' என்று கோடிட்டு விதியை மீண்டும் எழுதிப் போடுவது ஒரு வழி. "அரை ரொட்டியோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தால், அரையைவிடக் குறையுமா?" என்று கேட்டுப் பிள்ளையையே சிந்திக்க வைப்பது மற்றொரு வழி. இரண்டாவது வழி, பிள்ளைகளின் தவறுகளைக் கூர்ந்து நோக்கிய ஆசிரியருக்கே எளிதில் வாய்க்கும்.

அவ்வாறு நோக்குவதற்கு ஜப்பானியர் நூறு ஆண்டுகளுக்கும் மேலாக ஒரு முறையைக் கையாண்டு வருகின்றனர். ஆசிரியர் சிலர் கூடி ஒரு பாடத்தைத் திட்டமிடுவர். ஒருவர் கற்பிப்பார், மற்றவர்கள் வகுப்பில் இருந்து பிள்ளைகள் எவ்வாறு சிந்திக்கின்றனர் என்று குறித்துக்கொள்வர். பிறகு கலந்து பேசிப் பாடத்தைத் திருத்துவர். 1999இல் அமெரிக்க ஆய்வாளர்கள் ஸ்டிக்லரும் ஹீபர்ட்டும் எழுதிய நூல் இம்முறையை உலகறியச் செய்தது. 2011 முதல் மலேசியக் கல்வி அமைச்சும் இதனைப் பள்ளிகளில் அறிமுகப்படுத்தியது.

இதில் நமக்குரிய இடர் ஒன்று உண்டு. சிறிய தமிழ்ப்பள்ளியில் கணித ஆசிரியர் ஒருவரோ இருவரோதான் இருப்பர். தனி ஒருவர் யாரோடு கலந்து பேசுவார்? ஆகவே, அருகருகே உள்ள பள்ளிகள் ஒன்றுசேர வேண்டும். மாதத்தில் ஒரு பிற்பகலை இதற்கென ஒதுக்கித் தரத் தலைமையாசிரியர்கள் முன்வர வேண்டும். வருபவரின் கையில் சுற்றறிக்கை இருப்பதைவிட, தம் மாணவர் தவறாகச் செய்த கணக்கு ஒன்று இருப்பது நலம். மேலிருந்து வரும் நீரை மட்டும் நம்பியிராமல், கடைமடையிலும் ஒரு கிணறு வெட்டிக்கொள்வது அறிவுடைமை அல்லவா?