மகளிர் இரட்டையர் ஸ்குவாஷும் சென்னையும்

காமன்வெல்த் விளையாட்டுப் போட்டிகளில் ஸ்குவாஷ் 1998-இல் கோலாலம்பூரில் முதன்முதலாக இடம்பெற்றபோதே மகளிர் இரட்டையர் பிரிவும் உடன் சேர்க்கப்பட்டது. ஒலிம்பிக்கில் ஸ்குவாஷுக்கு அப்போது இடமில்லை. ஆசிய விளையாட்டில் அதே ஆண்டு பாங்காக்கில் தனிநபர் ஆட்டங்களுக்கு மட்டுமே இடம் கிடைத்தது. ஆகவே இரு இந்தியப் பெண்கள் இணையாக நின்று ஸ்குவாஷ் ஆடுவதற்கு வாய்த்த பெரும் பன்னாட்டு விளையாட்டு விழா காமன்வெல்த் ஒன்றுதான்.

நான்கு சுவர்களுக்குள் சிறிய ரப்பர்ப் பந்தை முன்சுவரில் மாறி மாறி அடித்து ஆடும் இவ்வாட்டத்தில், ஒருவரோடு ஒருவர் மோதும் ஆடுகளம் 9.75 மீட்டர் நீளமும் 6.4 மீட்டர் அகலமும் கொண்டது. இரட்டையர் ஆடுகளம் அதே நீளத்தில் சுமார் இரண்டு மீட்டர் கூடுதல் அகலம் பெறுகிறது. பல அரங்குகளில் பக்கச் சுவரை நகர்த்தியே இந்த அகலம் உண்டாக்கப்படுகிறது. வலையோ நடுக்கோட்டுத் தடுப்போ இல்லாத அந்த இடத்துக்குள் நால்வர் மட்டையோடு ஓடுவதால், எதிராளி வழியில் நின்றுவிட்டால் அந்தப் புள்ளியை மீண்டும் ஆடச் சொல்லும் ‘லெட்’ என்னும் விதி இங்கு அடிக்கடி தேவைப்படுகிறது. வேகத்தைவிட, இணையாளர் எங்கே நிற்கிறார் என்பதைத் திரும்பிப் பாராமலே அறியும் பழக்கம் இதில் பெரிதாகிறது. அது ஓரிரு மாதப் பயிற்சியில் வருவதன்று.

இங்கிலாந்தின் ஹாரோ பள்ளியில் 19-ஆம் நூற்றாண்டில் உருவான ஸ்குவாஷ், ஆங்கிலேய இராணுவ அதிகாரிகளோடு இந்தியாவுக்கு வந்து, பாசறைகளிலும் உறுப்பினர் மட்டும் நுழையக்கூடிய மன்றங்களிலும் தங்கிவிட்டது. திண்டுக்கல் சமவெளியில் எரியோடு போன்ற ஒரு பேரூராட்சியில் கபடிக்கும் கைப்பந்துக்கும் திடல் ஒன்று போதும். ஸ்குவாஷுக்கோ சுவரும் மரத்தளமும் கொண்ட கட்டடமே வேண்டும். தமிழ்நாட்டில் அதன் வரலாறு பெரும்பாலும் சென்னையின் வரலாறாகவே அமைந்ததற்கு இதுவே முதற்காரணம். பெண்கள் பிரிவில் அல்வார் அரச குடும்பத்தைச் சேர்ந்த புவனேஸ்வரி குமாரி 1977 முதல் 1992 வரை தொடர்ந்து 16 முறை தேசியப் பட்டம் வென்றார் என்பது அவருடைய திறமையைக் காட்டுவதோடு, அக்காலத்தில் இந்த ஆட்டம் எவ்வளவு குறுகிய வட்டத்துக்குள் இருந்தது என்பதையும் காட்டுகிறது.

அந்த வட்டத்தை விரித்ததில் 2000-களின் தொடக்கத்தில் சென்னை நேரு பூங்காவில் எழுந்த இந்திய ஸ்குவாஷ் அகாடமிக்குப் பெரும் பங்கு உண்டு. சைரஸ் போன்ச்சாவும் மலேசியாவைச் சேர்ந்த மேஜர் மணியமும் அங்கே சிறுவர் சிறுமியரை முறையாகப் பயிற்றுவித்தனர். சென்னையில் பிறந்த ஜோஷ்னா சின்னப்பா 2000-இல் தேசியப் பட்டம் பெற்று, பின்னாளில் 18 பட்டங்களோடு புவனேஸ்வரியின் சாதனையைக் கடந்தார். அவரைவிட ஐந்து வயது இளையவரான தீபிகா பள்ளிக்கல், 1970-களில் இந்திய மகளிர் கிரிக்கெட் அணியில் ஆடிய சூசன் இட்டிச்செரியாவின் மகள். உலகத் தரவரிசையில் முதல் பத்து இடங்களுக்குள் நுழைந்த முதல் இந்தியப் பெண்ணும் அவரே.

கோலாலம்பூரில் இங்கிலாந்தும், 2002-இல் மான்செஸ்டரில் நியூசிலாந்தும், 2006-இல் மெல்பர்னில் ஆஸ்திரேலியாவின் கிரின்ஹாம் சகோதரிகளும், 2010-இல் டெல்லியில் மீண்டும் நியூசிலாந்தும் தங்கம் வென்ற இப்பிரிவில், 2014 ஆகஸ்ட் 2 அன்று கிளாஸ்கோவில் அந்த வரிசை முறிந்தது. அப்போதைய உலகச் சாம்பியன் லாரா மசாரோவும் ஜென்னி டங்காஃபும் சேர்ந்த இங்கிலாந்து இணையை ஜோஷ்னாவும் தீபிகாவும் 11-6, 11-8 என்ற நேர் ஆட்டங்களில் வென்றனர். காமன்வெல்த் ஸ்குவாஷில் இந்தியா எந்தப் பிரிவிலும் பெற்ற முதல் பதக்கம் அது. அதுவே தங்கமாகவும் அமைந்தது. அடுத்த மாதமே இஞ்சியோன் ஆசிய விளையாட்டில், இரட்டையர் பிரிவு இல்லாத நிலையில், அவ்விருவரும் தனிநபர் காலிறுதியில் ஒருவரையொருவர் எதிர்கொள்ள நேர்ந்து, தீபிகா வென்று வெண்கலம் வரை சென்றார். இணைந்து நின்றபோது உலகை வென்றவர்களில் ஒருவரை மற்றவர் வெளியேற்ற வேண்டிய அந்த நிலை, பிரிவுகளை வகுப்போரின் தீர்மானம் ஆட்டக்காரர்களின் வாழ்வை எப்படித் தீர்மானிக்கிறது என்பதற்குத் தெளிவான சான்று.

ஆண்களைவிடப் பெண்களுக்குப் பரிசுத்தொகை குறைவாக இருந்ததை எதிர்த்துத் தீபிகா பல ஆண்டுகள் தேசியப் போட்டியைப் புறக்கணித்து, தொகை சமமாக்கப்பட்ட பின் 2016-இல்தான் திரும்பினார் என்பதும் இந்த வரலாற்றில் சேர வேண்டியது. பதக்கங்களுக்குச் சற்றும் குறையாத மதிப்பு அதற்கு உண்டு. 2018-இல் கோல்டு கோஸ்ட் காமன்வெல்த் போட்டியில் நியூசிலாந்தின் ஜோயெல் கிங், அமண்டா லேண்டர்ஸ்-மர்ஃபி இணையிடம் 9-11, 8-11 எனத் தோற்று ஜோஷ்னாவும் தீபிகாவும் வெள்ளி பெற்றனர். 2022 ஏப்ரலில், இரட்டைக் குழந்தைகளுக்குத் தாயான சில மாதங்களிலேயே களம் திரும்பிய தீபிகா, கிளாஸ்கோவில் நடந்த உலக இரட்டையர் போட்டியில் ஜோஷ்னாவோடு மகளிர் பட்டத்தையும் இந்திய வீரர் சௌரவ் கோஷலோடு கலப்பு இரட்டையர் பட்டத்தையும் ஒரே நாளில் வென்றார்.

2023-இல் நடந்த ஹாங்சோ ஆசிய விளையாட்டில் கலப்பு இரட்டையர் முதன்முறையாகச் சேர்க்கப்பட, தீபிகாவும் ஹரிந்தர்பால் சாந்துவும் தங்கம் வென்றனர். மகளிர் இணைக்கு அங்கும் இடம் தரப்படவில்லை. விளையாட்டுகளின் எண்ணிக்கை பத்தாகக் குறைக்கப்பட்ட 2026 கிளாஸ்கோ காமன்வெல்த் பட்டியலில் ஸ்குவாஷே இல்லை. 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் ஸ்குவாஷ் முதன்முறையாக நுழைகிறதென்றாலும், அங்கு ஏற்கப்பட்டவை ஆண், பெண் தனிநபர் பிரிவுகள் மட்டுமே.