நொடிக்கு எத்தனை மில்லி?

பாளையங்கோட்டையில் ஒரு ஆஸ்பத்திரி வராண்டா. அப்பா எழுந்து போய்விட்டு வந்து, "வயசானா இப்பிடித்தாம்ல. இதுக்குப் போயி மிஷினா?" என்றார். ராத்திரி நாலைந்து முறை எழுந்திருக்கிறார் என்பதே அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

எங்கள் ஊருக்குச் சிறுநீரைப் பார்த்து நோயறிவது புதிதல்ல. சித்த மருத்துவத்தின் எண்வகைத் தேர்வில் மூத்திரமும் ஒன்று. நிறம், மணம், நுரை, எடை எல்லாம் பார்ப்பது நீர்க்குறி. அதன்மேல் ஒரு சொட்டு நல்லெண்ணெய் விட்டு, பாம்பாக நெளிந்தால் வாதம், மோதிரமாக விரிந்தால் பித்தம், முத்தாக நின்றால் கபம் என்பது நெய்க்குறி. தேரையர் பெயரில் வழங்கும் முறை இது. அதைக் கற்பிக்கும் அரசுக் கல்லூரி பாளையங்கோட்டையில் 1964இல் வந்தது. அடுத்த வருடமே திருநெல்வேலி மருத்துவக் கல்லூரியும் வந்தது.

ஆனால் அங்கே பார்த்தது வந்து சேர்ந்த நீரை. அது எவ்வளவு வேகத்தில் வருகிறது என்று அளக்கும் கதை வேறு. 1897இல் ரேஃபிஷ் என்ற ஜெர்மன் மருத்துவர், மூடிய பாத்திரத்தில் சிறுநீர் விழும்போது வெளியேறும் காற்றை வைத்து அளந்தார். 1948இல் அமெரிக்காவின் வில்லார்ட் டிரேக், பாத்திரத்தில் எடை கூடக்கூட அதைச் சுழலும் காகிதத்தில் கோடாக வரைய வைத்தார். 1950களில் ஸ்வீடனின் வான் கரெல்ட்ஸ் அதை மின்னணுக் கருவியாக்கினார். இன்றைய கருவியும் பெரும்பாலும் ஒரு புனலும் அதன் அடியில் ஒரு தராசும்தான்.

அப்பாவின் முதல் கோடு செல்லவில்லை. கூச்சத்தில் 90 மில்லிதான் போயிருந்தார். 150ஆவது இருந்தால்தான் கணக்கு. தண்ணீர் குடித்து, நன்றாக முட்டியபிறகு மறுபடி போனார். உச்ச வேகம் நொடிக்கு 7 மில்லி. 15க்கு மேல் இருந்தால் பொதுவாகக் கவலையில்லை. 10க்குக் கீழே என்றால் அடைப்பைச் சந்தேகிப்பார்கள்.

"அப்ப ஆபரேஷனா?" என்றேன். டாக்டர் அவசரப்படவில்லை. ப்ராஸ்டேட் வீங்கிக் குழாயை நெருக்கினாலும் வேகம் குறையும். சிறுநீர்ப்பை தளர்ந்து தள்ள முடியாமல் போனாலும் குறையும். இரண்டுக்கும் கோடு ஒன்றுபோலவே இருக்கலாம். தளர்ந்த பைக்கு அடைப்பை எடுத்துப் பலனில்லாமல் போகலாம். அதைப் பிரித்தறிய, பைக்குள் இருக்கும் அழுத்தத்தையும் வேகத்தையும் ஒருசேர அளக்கும் சோதனை தனியாக உண்டு.

எனக்கு விளங்கவில்லை. அப்பா விளக்கினார். எங்கள் வயல் ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டுப் பாசனம், தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டுகளில் கடைசி. "கடைமடைக்குத் தண்ணி வரலைன்னா ஒடனே மடைய வெட்டுவியால? வாய்க்கால்ல அடைப்பா, மேல ஆத்துலயே தண்ணி இல்லையான்னு பாக்காண்டாமா?"

ஸ்கேனில், போனபிறகும் பையில் தங்கும் நீர் கொஞ்சம்தான் என்று தெரிந்தது. ரத்தப் பரிசோதனையும் சரியாக இருந்தது. முதலில் மாத்திரை, பிறகு மறுபடி அளப்போம் என்றார் டாக்டர். பையின் கழுத்துத் தசையைத் தளர்த்தும் மாத்திரை. மூன்று மாதம் கழித்து 12.

போன வாரம் டீக்கடையில் அப்பா தன் கூட்டாளியிடம் சத்தமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்: "ஒமக்கு நொடிக்கு எத்தனை மில்லிவே?"